செஞ்சோற்றுக் கடனும் கல்யாணக் கடனும்

டோம்பிவிலி கிழக்கில் ஒரு ஃபிளாட். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து மழை விடவில்லை. சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பேர் அமர்ந்திருந்தனர். மேசைமேல் கையால் வரைந்த ஒரு வரைபடம், இருபது முகங்கள் கொண்ட பகடை, ஆளுக்கொரு தாள். மாணவர்கள் பலரும் அறிந்த ரோல்-பிளேயிங் கேம்தான். ஒருவர் ஓர் உலகத்தைக் கற்பித்து அதன் விதிகளை வகுப்பார்; மற்றவர்கள் அவ்வுலகின் மாந்தராகி முடிவெடுப்பர்; முடிவின் பலனைப் பகடை சொல்லும். அன்றைய உலகத்தை வகுத்தவர் அவ்வீட்டுப் பேத்தி, வரலாற்றில் முதுகலை பயில்பவர். பனி மூடிய மலைநாடு, அதில் ஏழு குலங்கள், குலத்துக்கொரு கொடி, குலத்துக்கொரு தெய்வம். ஒவ்வொரு குலத்திலும் அடிமைகள் உண்டு.

அவ்வுலகில் ‘மானம்’ என்றொரு கணக்கு இருந்தது. வாக்கைக் காத்தால் மானம் ஏறும். விருந்தாளியைக் கைவிட்டால் இறங்கும். அடிமையை வதைக்கும் குலத்துக்கு மானம் குறையும். உணவும் உடையும் குறைவின்றிக் கொடுக்கும் குலத்துக்குக் கூடும். அடிமையின் தாளில் மட்டும் மானத்துக்குக் கட்டம் இல்லை. குலப்பெயருக்கும் இடம் இல்லை. அவ்விரண்டு இடங்களிலும் ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது.

பிற்பகலில் சிக்கல் எழுந்தது. அடிமைப் பாத்திரம் ஏற்றிருந்த நண்பர், இரவோடு இரவாக மலையைக் கடந்து தப்பிக்கப் போவதாக அறிவித்தார். பேத்தி அதை ஏற்கவில்லை. கடனுக்காகத் தானே வாக்குக் கொடுத்து அடிமையானவன் ஓடினால் மானம் இழப்பான் என்றார். “எனக்குத்தான் மானக் கட்டமே இல்லையே, எதை இழப்பேன்?” என்று நண்பர் கேட்டார். மேசையில் சிரிப்பு எழுந்தது. பேத்தி விதிகளை எழுதிவைத்திருந்த நோட்டைப் புரட்டினார். விடை அதில் இல்லை.

சோபாவில் நாளிதழோடு அமர்ந்திருந்த தாத்தா அப்போதுதான் வாய் திறந்தார். “ஓடமாட்டாம்மா. உப்பைத் தின்ன வீடு. நாங்க என்ன, யாரையும் சங்கிலி போட்டா கட்டி வச்சிருந்தோம்?”

தாத்தாவுக்கு எண்பத்துநான்கு வயது. மன்னார்குடிப் பக்கம் பிறந்து, இருபது வயதைக் கடந்ததும் வேலை தேடி பம்பாய் வந்து, மாட்டுங்காவில் பல ஆண்டுகள் வாடகைக்கு இருந்து, பிறகு டோம்பிவிலியில் சொந்தமாக ஃபிளாட் வாங்கியவர். இந்தப் பாதை அத்தலைமுறைத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பாதை. ஊரில் அவர் தகப்பனாருக்கு மூன்று வேலி நிலம் இருந்தது. அதில் தலைமுறை தலைமுறையாக உழைத்த ஒரு பண்ணையாள் குடும்பமும் இருந்தது. குடும்ப விசேஷங்களில் அவர் சொல்லும் ஒரு கதை உண்டு. அன்று அதை மேசையைச் சுற்றியிருந்தவர்களுக்கும் சொன்னார்.

பண்ணையாளின் கல்யாணத்துக்குத் தாத்தாவின் தகப்பனார் நெல்லும் கொஞ்சம் ரொக்கமும் கொடுத்திருந்தார். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த சமயத்தில் ஊரெல்லாம் பிணக்கு. அந்தப் பண்ணையாள் வேறிடத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, சம்பா அறுவடை முடிந்த ஒரு நாள் காலையில், தலையில் நெல் மூட்டையோடு கொல்லைப்புறம் வந்து நின்றார். கல்யாணத்துக்கு வாங்கியது இத்தோடு தீர்ந்தது என்று சொல்லி, மரக்காலில் அளந்து கொட்டிவிட்டுப் போனார். “அந்தக் காலத்து மனுஷங்க அப்படி. வாக்குன்னா வாக்கு,” என்று தாத்தா முடித்தார்.

நண்பர்கள் நெகிழ்ந்தனர். பேத்தி தம் முன்னிருந்த தாளை, கோடு இழுத்த அந்த இரண்டு இடங்களை, பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூட்டையைச் சுமந்து வந்தவருக்கு மானம் இருந்தது. அவர் வாழ்ந்த உலகத்தின் விதிகளில்தான் அதற்குக் கட்டம் இல்லை.

அடிமைமுறையை ஆராய்பவர்கள் வெகுநாளாக மோதிக்கொண்டிருக்கும் புதிரும் இதுவே. ஒரு சமூகம் ஒருவனுக்கு மானம் இல்லை என்கிறது. அதே சமூகம், மானமுள்ளவனிடம் மட்டுமே எதிர்பார்க்கக்கூடிய வாக்குத் தவறாமையையும் நன்றி மறவாமையையும் அவனிடமே எதிர்பார்க்கிறது. சாட்டையும் சங்கிலியும் சில மணி நேரம் ஓர் ஆளைக் காவல் காக்கலாம். ஆண்டுக்கணக்காக, தலைமுறைக்கணக்காக அவனைக் கட்டிவைப்பது அவனுடைய ஒழுக்கம்தான்.

பேத்தியின் விளையாட்டு உலகம் நார்வே, ஐஸ்லாந்துப் பழங்கதைகளைத் தழுவியது. அம்மொழியில் அடிமைக்கு ‘த்ரேல்’ என்று பெயர். ஆங்கிலத்தின் ‘த்ரால்’ அதிலிருந்து வந்தது. அந்நாட்டுப் பழஞ்சட்டங்களில் ஒரு விந்தையான விதி உண்டு. விடுதலை பெற்ற அடிமை, தானே மதுக் காய்ச்சி ஆடு அடித்து ஊராருக்கு ‘விடுதலை விருந்து’ வைக்க வேண்டும். அதன் பிறகே அவனுடைய சுதந்திரம் முழுமை பெறும். விருந்து வைத்த பின்னும் பழைய எசமானுக்குப் பணிவும் நன்றியும் காட்டும் கடமை அவனுக்கும் அவன் சந்ததிக்கும் நீளும். ஒர்லாண்டோ பேட்டர்சன் 1982இல் வெளியிட்ட தம் நூலில் உலகின் பல அடிமைச் சமூகங்களை ஒப்பிட்டு, அடிமைநிலைக்கு மூன்று அடையாளங்களைக் கூறினார்: நீங்காத வன்முறை, பிறப்புறவு மறுக்கப்படுதல், மானம் மறுக்கப்படுதல். பேத்தியின் தாளில் இருந்த இரண்டு கோடுகள் பின்னிரண்டுக்கும் அப்படியே பொருந்துகின்றன.

தமிழில் இப்புதிரை நேருக்கு நேர் காட்டும் கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. புத்தூரில் சுந்தரரின் திருமணப் பந்தல். ஒரு கிழ வேதியர் வந்து நிற்கிறார். இவன் எனக்கு வழிவழி அடிமை, இவன் பாட்டன் எழுதித் தந்த ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். சுந்தரரின் முதல் மறுப்பைக் கவனிக்க வேண்டும். மனிதனுக்கு மனிதன் அடிமையாகலாமா என்று அவர் கேட்கவில்லை. அந்தணன் ஒருவன் இன்னோர் அந்தணனுக்கு அடிமையாவது எங்கேனும் உண்டா என்று கேட்கிறார். ஓலையைப் பிடுங்கிக் கிழித்தும் எறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. அவையோர் ஆட்சி, ஆவணம், காட்சி என்ற மூவகைச் சான்றில் ஒன்றைக் கேட்கின்றனர். கிழித்தது படிதான் என்று கூறி முதியவர் மூல ஓலையை நீட்டுகிறார். பாட்டனின் கையெழுத்து, காப்பில் இருந்த வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படுகிறது. தீர்ப்பு முதியவருக்கே. வந்தவர் இறைவன் என்பது பிறகு தெரிகிறது. அடிமை என்ற சொல்லே பக்தியின் உச்சமாகிவிடுகிறது.

பக்திப் பொருளை ஒருபுறம் வைத்துவிட்டு, வரலாற்று மாணவராக இதைப் படிக்கலாம். 12ஆம் நூற்றாண்டுக் கேட்போருக்குச் சேக்கிழார் எதையெல்லாம் விளக்க வேண்டிய தேவையே இல்லாதிருந்தது? ஆளோலை என்பது என்ன என்பதை. பாட்டன் எழுதியது பேரனைக் கட்டும் என்பதை. அதற்கு மூலமும் படியும் காப்பும் உண்டு என்பதை. இவையெல்லாம் அவர்கள் அன்றாடம் அறிந்தவை. சோழர் காலக் கல்வெட்டுகள் இதற்குச் சான்று. திருப்பாம்புரம் கோயில் கல்வெட்டு ஒன்றின்படி, கி.பி. 1201இல் பஞ்சத்தில் உயிர் பிழைக்க வழியின்றி ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு பெண்மக்களும் 110 காசுக்குத் தங்களைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டனர்.

சுந்தரருக்கு ஓர் அவை இருந்தது. ‘எங்கேனும் உண்டா’ என்று கேட்க ஒரு குலம் இருந்தது. ஓலை இல்லாமலே அடிமைகளாக இருந்தவர்களுக்கு அந்த அவை திறக்கவில்லை. அவர்களைக் கட்டிய நூல் வேறு. அதன் பெயர் செஞ்சோற்றுக் கடன்.

இச்சொல்லைக் கேட்டதும் தமிழர் நினைவுக்கு வருபவன் கர்ணன். கர்ணனும் குலம் கேட்கப்பட்டு விடை சொல்ல முடியாமல் நின்றவன்தான். போட்டிக் களத்தில் அவனுடைய பிறப்பைக் கேட்டு வாயடைத்தார்கள். துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்து அவன் மானத்தைக் காத்தான். அதன் பிறகு கர்ணனுக்கு விடுதலை இல்லை. தாயே வந்து உண்மையைச் சொன்ன பின்னும் உண்ட சோற்றை அவனால் மறக்க முடியவில்லை. வட மாவட்டங்களில் இறப்பு வீடுகளில்கூடக் கர்ண மோட்சம் தெருக்கூத்தாக ஆடப்படுகிறது. விடிய விடியப் பார்த்து அழுதவர்களில் பலர் அடுத்த நாள் பிறர் நிலத்தில் இறங்க வேண்டியவர்கள். குலமற்றவனின் பேரறம் நன்றி என்ற பாடம் இவ்வாறு மிக அழகான வடிவில், மிகுந்த கண்ணீரோடு, அதைக் கேட்க வேண்டியவர்களின் காதில் விழுந்தது. கதையின் குற்றம் இது என்று சொல்வதற்கில்லை. எந்த அறமும் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே பயன்படுகிறது.

ஆங்கிலேயர் ஆட்சி இந்த நூலைத் தொடவில்லை. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமையின் மேல் உரிமை கோரும் வழக்கை நீதிமன்றம் ஏற்காது என்றது. 1860இன் தண்டனைச் சட்டம் ஆளை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. கடன் கொடுப்பதும் வாங்குவதும் குற்றமில்லை. ஆளை விற்ற இடத்தில் முன்பணம் வந்து அமர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களை ஊர் ஊராக அனுப்பித் தொகுத்த ஆய்வு 1918இல் நூலானது. அதில் தென்னார்க்காட்டு ஊர் ஒன்றின் படியாட்கள் பற்றிய குறிப்பு உண்டு. முன்னோர் பட்ட கடனால் பரம்பரையாகக் கட்டுண்டவர்கள் என்று அது அவர்களை வருணிக்கிறது.

அன்று மாலை தாத்தாவிடம் பேத்தி சொன்னது தஞ்சாவூரைப் பற்றியதன்று. டிட்வாலாவைப் பற்றியது.

ஒவ்வொரு சங்கடஹர சதுர்த்திக்கும் தாத்தா டிட்வாலா கணபதி கோயிலுக்குப் போவார். டோம்பிவிலியிலிருந்து தாகுர்லி, கல்யாண், ஷஹாட், ஆம்பிவிலி கடந்து ஐந்தாவது ஸ்டேஷன். அதே டிட்வாலாவில்தான் 1945 ஜனவரி 7ஆம் நாள் மகாராஷ்டிர விவசாயிகள் சங்கம் மாநாடு கூட்டித் தொடங்கப்பட்டது. அன்றைய தானே மாவட்டத்தின் வடகோடியிலிருந்து சில வார்லி ஆதிவாசிகள் அதற்கு வந்திருந்தனர். தலாசரி, டஹாணு, உம்பர்காவ் பகுதிகளில் தாங்கள் எப்படி வாழ்கிறோம் என்பதை அவர்கள் சொன்னபோதுதான் கோதாவரி பாருலேகரும் ஷாம்ராவ் பாருலேகரும் அப்பகுதிக்குச் செல்ல முடிவெடுத்தனர்.

வார்லிகளை இன்று எல்லோருக்கும் தெரியும், ஓவியமாக. டோம்பிவிலியின் எத்தனையோ வீட்டுத் திரைச்சீலைகளிலும் தலையணை உறைகளிலும் செம்மண் நிறத்தின்மேல் வெண்ணிறக் கோட்டு மனிதர்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வோவியத்தின் பிறப்பிடம் கல்யாண வீட்டுச் சுவர். அரிசி மாவால் பெண்கள் வரையும் ‘சௌக்’ என்னும் சதுரமும் அதனுள் பாலகாட் தேவியும் இல்லாமல் வார்லித் திருமணம் நிறைவு பெறாது. சடங்குக்கும் விருந்துக்கும் கள்ளுக்கும் செலவாகும். ஆகவே பலர் முதலில் சேர்ந்து வாழத் தொடங்கி, பிள்ளைகள் பிறந்த பின், கையில் பணம் சேரும்போது சடங்கை முடிப்பதும் வழக்கம். சமூகத்துக்குச் சோறு போடாதவனின் கல்யாணம் பாதிக் கல்யாணம்.

அந்த இடைவெளியில்தான் நிலவுடைமையாளர் கடனோடு வந்தார். கல்யாணத்துக்குக் கடன் வாங்கியவன் அதை உழைப்பில் தீர்க்க வேண்டும். உழைப்பின் கணக்கு எழுதுபவரும் கடன் கொடுத்தவரே. அப்படிக் கட்டுண்டவனுக்கு ‘லக்னகடி’ என்று பெயர். லக்னம் என்றால் திருமணம், கடி என்றால் வேலையாள். கணவனோடு மனைவியும் அவ்வீட்டுக்கு உழைக்க வேண்டும். அவள் உடல்மீதும் உரிமை கொண்டாடிய எசமானர்கள் இருந்தனர். கடன் தீர்ந்ததாகக் கணக்கு முடிவது அரிது. லக்னகடி அல்லாதவர்களும் ‘வேட்’ எனப்பட்ட கூலியில்லா வேலைக்கு அழைத்தபோதெல்லாம் வர வேண்டியிருந்தது. பம்பாய் மாகாணத்துப் பழங்குடிகள் குறித்து சிமிங்டன் என்ற அதிகாரி அரசுக்கு 1939இல் அளித்த அறிக்கையிலேயே இந்தத் திருமண அடிமைமுறை பதிவாகிவிட்டது. சட்டம் அறியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

இதை நார்வேயின் விடுதலை விருந்துக்கு அருகில் வைத்துப் பார்க்கலாம். அங்கே அடிமை விருந்து வைத்து மனிதனானான். இங்கே மனிதன் விருந்து வைத்து அடிமையானான். இரண்டிலும் ஊருக்குச் சோறு போடுவதுதான் மானத்தின் அளவுகோல். வார்லிக்கு மானம் என்ற உணர்வே இல்லாதிருந்தால் லக்னகடி என்ற நிலையே தோன்றியிருக்காது. சடங்கில்லாமல் வாழ்ந்துவிட்டுப் போயிருப்பான். கடனை வாங்கினாலும் காட்டுக்குள் மறைந்திருப்பான். தன் சமூகத்தின்முன் தலைநிமிர வேண்டும், கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும் என்ற இரண்டு நல்ல எண்ணங்கள் சேர்ந்துதான் விலங்காயின.

1945 மே 23ஆம் நாள் தலாசரி வட்டாரத்து ஸரி என்ற சிற்றூரில் ஆயிரக்கணக்கான வார்லிகள் கூடினர். அங்கே எடுத்த முடிவுகள் எளியவை. நாளொன்றுக்குப் பன்னிரண்டு அணா ரொக்கக் கூலி தராவிட்டால் நிலவுடைமையாளர் நிலத்தில் இறங்குவதில்லை. கூலியில்லா வேலை செய்வதில்லை. வற்புறுத்தினால் எதிர்த்து நிற்பது. எல்லோரும் ஒன்றாக நிற்பது. பிறகு ஊர் ஊராகச் சென்று லக்னகடிகளை விடுவித்தனர். கோதாவரி பாருலேகர் இவ்வரலாற்றை மராத்தியில் எழுதிய நூல் 1970இல் வந்தது. 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. மனிதன் விழித்தெழும்போது என்பது அதன் தலைப்பின் பொருள்.

ஏறக்குறைய இதே ஆண்டுகளில் தாத்தாவின் ஊர்ப்பக்கமும் இதுவே நடந்துகொண்டிருந்தது. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பி. சீனிவாசராவ் தஞ்சை வயல்களுக்கு வந்து பண்ணையாட்களைச் சங்கமாக்கினார். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட உடன்பாடு சாட்டையடியும் சாணிப்பால் புகட்டலும் கூடாது என்றது. தானேயின் வார்லிக்கும் தஞ்சையின் பண்ணையாளுக்கும் பொதுமொழி இல்லை. ஒருவரைப் பற்றி மற்றவர் கேள்விப்பட்டிருக்கவும் வாய்ப்பில்லை. இருந்தும் இருவரின் முதற்கோரிக்கைகளும் நிலத்தைப் பற்றியவை அல்ல. அடிக்காதே, உழைப்புக்குக் கூலி கொடு என்பவை. தங்கள் தாளில் மானத்துக்கு ஒரு கட்டம் வேண்டும் என்றுதான் இரு கூட்டத்தாரும் முதலில் கேட்டனர்.

கேட்டதற்கு விலையும் கொடுத்தனர். 1945 அக்டோபரில், கோதாவரி பாருலேகரின் உயிருக்கு ஆபத்து என்ற வதந்தி பரவி, தல்வாடாவில் வார்லிகள் பெருந்திரளாகக் கூடினர். போலீஸ் சுட்டது. ஐவர் இறந்தனர். அவரைக் காக்க வந்து சூட்டுக்கு நடுவிலும் அங்கேயே நின்றவர்கள், எசமானர்கள் இழிவாக நடத்திய அதே மனிதர்கள். அவர்களிடம் புதிதாக ஓர் ஒழுக்கம் முளைக்கவில்லை. இருந்த ஒழுக்கம் எசமானிடமிருந்து விலகித் தம்மவர் பக்கம் திரும்பியது.

தஞ்சையில் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டது அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சி. தாத்தா அப்போது மாட்டுங்காவில் இருந்தார். செய்தியை நாளிதழில் படித்த நினைவு இருக்கிறது என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

மழை சற்று ஓய்ந்திருந்தது. நண்பர்கள் கேட்டுக்கொண்டிருந்தனர். பேத்தி தாத்தாவின் பக்கத்தில் போய் அமர்ந்தார்.

“அவர் பேர் என்ன தாத்தா?”

தாத்தா பெயரைச் சொன்னார். தயக்கமின்றி நினைவிருந்தது.

“அவரோட அப்பா பேரு?”

அது நினைவில்லை. யோசித்துவிட்டு, தெரிந்திருந்ததே இல்லை என்றார். அவர்களுக்குத் தனியாகக் குலதெய்வம் உண்டு, பங்காளிகள் உண்டு, ஆண்டுக்கொரு முறை படையல் உண்டு, அதெல்லாம் தெரியும். ஆனால் அவ்வீட்டில் யாரும் அவருடைய தகப்பன் பெயரைக் கேட்டுவைத்ததில்லை. எட்டு வயதுச் சிறுவனாக இருந்த தாமே அவரை ‘டேய்’ என்றுதான் கூப்பிட்டதாகச் சொன்னார். அவருக்கு அப்போது ஐம்பது வயதாவது இருக்கும். குலமற்றவன் என்று யாரும் பிறப்பதில்லை. குலத்தைக் கேட்கத் தேவையில்லை என்று ஒரு வீடு முடிவெடுக்கிறது.

“கல்யாணத்துக்குக் குடுத்ததுக்குச் சீட்டு ஏதாவது எழுதி வாங்கினாங்களா?”

“சீட்டாவது ஒண்ணாவது. வாய்ச்சொல்தான்.”

சுந்தரரை அடிமை என்று நிறுவ இறைவனுக்கே மூல ஓலை தேவைப்பட்டது. இங்கே ஓலையும் இல்லை, அவையும் இல்லை. ஊரை விட்டுப் போய்விட்ட ஒருவரைத் தேடிப் பிடிக்க எந்த வழியும் இல்லை. அவர் தாமாகவே வந்தார்.

பேத்தி இன்னொரு கேள்வி கேட்டார். “கொள்ளுத் தாத்தா அந்த நெல்லை வாங்கிக்கிட்டாரா?”

எழுபது ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட கதையில் இக்கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த மூன்று வேலியில் உழைத்தவர், கூலியாக எவ்வளவு கிடைத்தது என்று யாரும் கணக்குப் பார்க்காத ஒருவர், வாங்கிய கல்யாண நெல்லை அளந்து கொட்டுகிறார். கொல்லைப்புறத் திண்ணையில் ஒருவர் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு சொல் போதும்.

“வாங்கிக்கிட்டார்,” என்றார் தாத்தா.

1976இல் இந்திய நாடாளுமன்றம் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. கொத்தடிமைக் கடன்கள் யாவும் அதனால் செல்லாதவை ஆயின. அச்சட்டத்தின் வரையறைப் பகுதி கவனத்துக்குரியது. முன்பணத்தால் வரும் அடிமைநிலையோடு, வழக்கத்தால் அல்லது சமூகக் கடப்பாட்டால் வருவதையும், முன்னோரிடமிருந்து வருவதையும், குறிப்பிட்ட சாதியில் பிறந்ததால் வருவதையும் அது சேர்த்தே கூறுகிறது. ஒழுக்கமே விலங்காகும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தனர். ஒன்பதாம் பிரிவு இன்னும் ஒரு படி செல்கிறது. ஒழிக்கப்பட்ட அக்கடனுக்காகத் தொழிலாளி பணம் கொண்டுவந்து கொடுத்தாலும், கடன் கொடுத்தவர் அதைப் பெற்றுக்கொள்ளக் கூடாது. பெற்றால் மூன்றாண்டு வரை சிறை. கொடுக்க வருபவனின் வாக்குத் தவறாமையைச் சட்டம் குறை சொல்லவில்லை. பெற்றுக்கொள்ளும் கையைத்தான் அது குற்றவாளியாக்குகிறது.

சட்டம் வந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிறது. மழைக்காலத்தில், கையில் காசில்லாத மாதங்களில், தானே, பால்கர், ராய்கட் மாவட்டங்களின் காத்கரிக் குடும்பங்களுக்குச் செங்கல் சூளை முன்பணம் இன்றும் போய்ச் சேர்கிறது. பல வேளைகளில் அது ஒரு கல்யாணத்துக்காக வாங்கப்படுகிறது. மழை நின்றதும் குடும்பம் முழுவதும் பிவண்டி, கல்யாண் பக்கத்துச் சூளைகளுக்குப் போகும். கணக்கு எழுதுபவர் இன்றும் கொடுத்தவரே. வாங்கியதைத் தீர்க்காமல் போவது தவறு என்று அவர்களும் நம்புகிறார்கள். டோம்பிவிலியில் புதிதாக எழும்பும் கட்டடங்களைப் பார்ப்பவர் கண்ணில் அந்த நம்பிக்கை படுவதில்லை.

அன்று இரவு ஆட்டம் தொடர்ந்தது. பேத்தி இரண்டு விதிகளை மாற்றினார். அடிமையின் தாளில் குலப்பெயருக்கும் மானத்துக்கும் இருந்த கோடுகள் அழிக்கப்பட்டன. அவன் வாக்கைக் காத்தால் மற்றவரைப் போலவே அவனுக்கும் மானம் ஏறும். அவனுடைய வாக்கை வைத்து அவனைக் கட்டிவைக்கும் குலத்துக்கு, அவனை எவ்வளவு நன்றாக நடத்தினாலும், ஒவ்வொரு பருவமும் மானம் குறையும்.

குலத்தலைவர் பாத்திரம் ஏற்றிருந்த நண்பர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “அப்படியானால் எந்தக் குலமும் அடிமை வைத்துக்கொள்ள முடியாதே, ஆட்டமே மாறிவிடுமே” என்று குறைப்பட்டுக்கொண்டார்.

தாத்தா உறங்கப் போகவில்லை. பகடை உருளும் ஓசையைக் கேட்டபடி அதே சோபாவில் அமர்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து, ஊரில் இருக்கும் தம் ஒன்றுவிட்ட தம்பியின் ஃபோன் எண்ணைத் தேடித் தரும்படி பேத்தியிடம் கேட்டார். அந்தக் குடும்பத்தார் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கக்கூடும் என்றார். அந்தத் தகப்பன் பெயரையும் கேட்க வேண்டும் என்றார்.